மகளும் பங்காளிதான்
ஒரு சட்டமூலம் வீட்டு வாசலுக்கு வந்த கதை

சென்ற மாதம் வன்னிக் கிராமமொன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் நடைபெற்றது. வாசிகசாலைக் கட்டடத்தில் இருபது, இருபத்தைந்து பேர் கூடியிருந்தோம். காணி உறுதி, பேமிற், பின்னுரித்தாளர் பதிவு என்று கதை போய்க்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா எழும்பினார். போர்க்காலத்தில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், பல வருடங்கள் அங்குள்ள முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கவேணும். நாங்கள் முகாமில இருக்கேக்க பக்கத்து ஊரில அக்கா, தங்கச்சி எண்டு இரண்டு பேர் இருந்தவை. தகப்பன் செத்து வயல் பிரிச்ச நேரம் தங்கச்சிக்காரிக்குத் தமையன்மாரோட சரிசமமாப் பங்கு. அக்காக்காரிக்கு ஒரு துண்டுதான். ஒரு தாய் வயித்துப் பிள்ளையள். சட்டம் அப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டினம். அப்பிடியும் ஒரு சட்டம் இருக்குமோ?"

இருந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன். பெண்களுக்குச் சொத்துரிமை தந்த முன்னோடிச் சட்டம் என்றே குறிப்பெடுத்தும் இருந்தேன். அந்தச் சட்டத்தால் ஒரே வீட்டில் ஒரு பெண் உள்ளேயும் இன்னொரு பெண் வெளியேயும் நின்றாள் என்பது அந்த அக்கா கேட்கும்வரை என் மனதில் படவில்லை. அன்று அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வந்து மீண்டும் வாசித்தேன். வாசித்ததை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

"பங்காளி" என்ற சொல்

தமிழ்நாட்டில் "பங்காளி" என்றால் தகப்பன் வழி ஆண் உறவுகள். அண்ணன், தம்பி, பெரியப்பா மகன், சித்தப்பா மகன் ஆகியோரே பங்காளிகள். குடும்பச் சொத்தில் பங்கு உடையவர்கள் என்பதே அந்தச் சொல்லின் பொருள். கூடப்பிறந்த சகோதரி பங்காளி இல்லை. அவள் வேறு வீட்டுக்குப் போகப் பிறந்தவள் என்பதே சமூகத்தின் எண்ணம். தந்தைவழிச் சமூகம் ஒன்றைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுவதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

இந்து சட்டமும் இந்த வழியிலேயே சென்றது. இந்தியாவின் பெரும்பகுதியில் பின்பற்றப்பட்ட மிதாட்சர முறைப்படி, பரம்பரைச் சொத்தில் ஆண்பிள்ளை பிறந்தவுடனேயே பங்குக்காரன் ஆகிவிடுகிறான். தகப்பன் இறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெண்பிள்ளைக்கு அந்தப் பிறப்புரிமை கிடையாது.

1956 ஆம் ஆண்டு இந்தியப் பாராளுமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை இயற்றியது. பெண்கள் விடயத்தில் அது ஒரு பெரிய படி என்பதை மறுக்க முடியாது. அதற்கு முன்னர் விதவைக்குக் கிடைத்த சொத்து பெரும்பாலும் அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிப்பதற்கு மட்டுமே. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் அவளை முழு உரிமையாளர் ஆக்கியது. தகப்பன் தானாகச் சம்பாதித்த சொத்தில், அவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றும் எழுதியது. ஆனால் பரம்பரைச் சொத்தில் ஆண்களுக்கு மட்டும் இருந்த பிறப்புரிமையில் அது கைவைக்கவில்லை. குடியிருக்கும் வீட்டையும் ஆண்மக்களாகப் பிரிக்கும்வரை மகள் பிரித்துத் தரும்படி கேட்க முடியாது என்று 23 ஆம் பிரிவு சொன்னது.

12 ஏக்கர் வயல்

கணக்காகப் பார்த்தால் இது இலகுவில் விளங்கும். ஒரு குடும்பத்தில் தகப்பன், தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். பரம்பரை வயல் 12 ஏக்கர். தகப்பன் மரணசாசனம் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

1956 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயல் முதலில் தகப்பன், இரண்டு மகன்கள் என்ற மூன்று பங்குகளாகப் பிரியும். ஆளுக்கு 4 ஏக்கர். பின்னர் தகப்பனின் 4 ஏக்கர் தாய், இரண்டு மகன்கள், மகள் என்று நால்வருக்கும் ஒவ்வொரு ஏக்கராகப் போகும். முடிவில் மகன்களுக்கு 5 ஏக்கர் வீதம். மகளுக்கு 1 ஏக்கர். தாய்க்கு 1 ஏக்கர்.

மகளும் பிறப்பிலேயே பங்குக்காரி என்றால் வயல் முதலில் நான்கு பங்குகளாகப் பிரியும். தகப்பன், இரண்டு மகன்கள், மகள் என்று ஆளுக்கு 3 ஏக்கர். தகப்பனின் 3 ஏக்கர் மீண்டும் நால்வருக்கும் முக்கால் ஏக்கராகப் பிரியும். அப்போது மகளுக்கும் மகன்களுக்கும் ஒரே அளவு, மூன்றேமுக்கால் ஏக்கர். ஒரு ஏக்கருக்கும் மூன்றேமுக்கால் ஏக்கருக்கும் இடையிலுள்ள தூரமே இந்தச் சட்டமூலத்தின் பெறுமதி.

சட்டசபைக்கு வந்த சட்டமூலம்

இந்தியாவில் டில்லிப் பாராளுமன்றம் மட்டும் சட்டம் இயற்றுவதில்லை. மாநிலச் சட்டசபைகளும் இயற்றுகின்றன. வாரிசுரிமை என்பது மத்திக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் உள்ள விடயம். எமது 13 ஆவது திருத்தத்தில் வரும் ஒருங்கிய நிரல் போன்றது அது. அத்தகைய விடயத்தில் மத்திய சட்டத்துக்கு மாறாக ஒரு மாநிலம் சட்டம் இயற்றினால், அது அந்த மாநிலத்தில் செல்லுபடியாவதற்கு ஜனாதிபதியின் ஒப்புதலும் வேண்டும்.

இந்த வழியில் முதலில் நடந்தது கேரளம். 1975 ஆம் ஆண்டு அது இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கும் சட்டத்தை இயற்றியது. அடுத்தது என்.ரி. ராமராவ் முதலமைச்சராக இருந்த ஆந்திரம். மகளுக்கும் பிறப்புரிமை என்ற அதன் சட்டம் 1985 செப்டெம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணைச் சொத்திலிருந்து விலக்கி வைத்தது அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு முரணானது என்றும், சீதனக் கொடுமைக்கு அதுவும் காரணம் என்றும் அந்தச் சட்டத்தின் முகவுரையிலேயே எழுதப்பட்டிருந்தது.

மூன்றாவதாகத் தமிழ்நாடு. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்ற குரல் அங்கு புதியதல்ல. 1929 பெப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அந்தத் தீர்மானம் சட்டமாவதற்கு 60 வருடங்கள் எடுத்தன.

1989 ஜனவரியில் நடந்த தேர்தலில் தி.மு.க. வென்று மு. கருணாநிதி முதலமைச்சரானார். அவருடைய ஆட்சியில் இந்து வாரிசுரிமை (தமிழ்நாடு திருத்த) சட்டமூலம் சட்டசபையில் நிறைவேறியது. மேல்சபை 1986 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டிருந்தபடியால் அங்கு இருந்தது ஒரே சபைதான். ஒப்புதல் கிடைத்து 1990 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமாக அது வெளிவந்தது. ஆனால் 1989 மார்ச் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. இப்படிப் பின்னோக்கித் திகதி இட்டதில் ஒரு நன்மை உண்டு. சட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு இடைக்காலத்தில் அவசரம் அவசரமாக வயலைப் பிரித்து எழுதுபவர்களுக்கு அது கதவை அடைத்துவிடும்.

அதே நாள், அதே சபை

அந்த 1989 மார்ச் 25 ஆம் திகதி தமிழ்நாட்டுச் சட்டசபை வரலாற்றில் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கிறது. அன்று வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டபோது சபையில் பெரும் கைகலப்பு ஏற்பட்டது. அந்தச் சபையின் முதலாவது பெண் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா, தான் தாக்கப்பட்டதாகவும் சேலை பிடித்து இழுக்கப்பட்டதாகவும் கூறி வெளியேறினார். தி.மு.க. தரப்பு அதை மறுத்தது. இனி முதலமைச்சராகவே இந்தச் சபைக்குத் திரும்புவேன் என்றார் அவர். 1991 இல் அவ்வாறே திரும்பினார்.

எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி பிழை என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மகளுக்குச் சம பங்கு தொடங்குகிறது என்று ஏட்டில் எழுதப்பட்ட அதே நாளில், சட்டம் எழுதும் மண்டபத்தில் ஒரு பெண் தனக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி வெளியேறினார் என்பதை மட்டும் சகோதரிகள் மனதில் இருத்திக்கொள்வது நல்லது. ஏட்டில் சமத்துவம் எழுதப்படுவதும், எழுதப்படும் இடத்தில் அது இருப்பதும் வெவ்வேறு விடயங்கள்.

கலியாணத் திகதி என்னும் வேலி

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் இரண்டு விலக்குகள் இருந்தன. ஒன்று, அந்தத் திகதிக்கு முன்னரே பிரிக்கப்பட்டுவிட்ட சொத்துக்கு அது பொருந்தாது. மற்றையது, அந்தத் திகதிக்கு முன்னர் திருமணமான மகளுக்கும் அது பொருந்தாது.

அக்காவுக்கு 1987 இல் கலியாணம், தங்கைக்கு 1990 இல் கலியாணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை பங்காளி. அக்காவுக்குத் தகப்பனின் பங்கிலிருந்து பிரிந்து வரும் சிறு துண்டு மட்டுமே. மூத்தவள் செய்த குற்றம் முதலில் பிறந்ததும், வீட்டார் சொன்ன நேரத்தில் கழுத்தை நீட்டியதும்தான். 1970 இல் கலியாணம் செய்த தமையனுக்கு இப்படி எந்தத் திகதியும் இல்லை. அவன் எப்போது கலியாணம் செய்தாலும் பங்காளியே.

"அவளுக்குத்தான் கலியாணத்திலேயே கொடுத்தாயிற்றே" என்பதே இதற்கு ஊரில் சொல்லப்படும் நியாயம். கொடுக்கப்பட்டது நகையும் பாத்திரமும். அவை பெரும்பாலும் கணவன் வீட்டார் கைக்கே போயின. வயலைப் போல அவை விளைவதில்லை. நாங்கள் அறியாத கதையா இது?

எமது பாராளுமன்றத்தில் முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு என்று சட்டமூலம் நகர்வதை வானொலியில் கேட்டிருப்பீர்கள். சட்டமூலத்தை வரி வரியாக எடுத்துத் திருத்துவது குழுநிலையில்தான். தலைப்பைப் பார்த்து எல்லோரும் கைதட்டுவார்கள். "திருமணமான மகளுக்குப் பொருந்தாது" என்பது போன்ற சிறிய வரி உள்ளே இருக்கும். அது நிற்பதா போவதா என்று முடிவாகும் வேளையில் யார் சபையில் இருக்கிறார்கள், யார் வெளியிலிருந்து கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஆயிரக்கணக்கான அக்காமாரின் வயல் தீர்மானிக்கப்படுகிறது.

தாயின் பங்கு எங்கே போனது?

மேலே சொன்ன 12 ஏக்கர் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். பழைய முறையில் தாய்க்கு 1 ஏக்கர் கிடைத்தது. மகளும் பங்காளியான பின் தாய்க்கு முக்கால் ஏக்கர். மகளுக்குக் கூடிய பங்கில் கால் ஏக்கர் தாயிடமிருந்தும் போயிருக்கிறது. தாய் அந்த வீட்டுக்குள் கலியாணம் முடித்து வந்தவள். அவள் அங்கே பிறப்பால் பங்காளி இல்லை.

கேரளம் எடுத்த வழி இதிலிருந்து வேறுபட்டது. அங்கே மகனுக்கும் பிறப்புரிமை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அச்சட்டம் வந்தபின் உருவான ஒரு குடும்பத்தில், தகப்பன் எதுவும் எழுதிவைக்காமல் இறந்தால், 12 ஏக்கரும் தாய், இரண்டு மகன்கள், மகள் என்று மூன்று மூன்று ஏக்கராகப் பிரியும். தாய்க்கும் 3 ஏக்கர். ஆனால் தகப்பன் விரும்பினால் முழுவதையும் ஒருவருக்கே எழுதிவைத்துவிடவும் அங்கு இடமுண்டு. எந்த முறையிலும் ஒரு வரவும் ஒரு செலவும் இருக்கிறது. "பெண்களுக்கு நன்மை" என்று சொல்லும்போது எந்தப் பெண்ணுக்கு என்று கேட்க வேண்டும். மகளா, மனைவியா, விதவையா? ஒருத்தியே வாழ்வில் மூன்று நிலைகளிலும் நிற்க நேர்கிறது என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு கையெழுத்தில் போவது

சட்டம் வந்த பின்னரும் எல்லாத் தங்கைமாரும் வயலைப் பெறவில்லை. "விடுதலைப் பத்திரம்" என்ற ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. எனக்கு என் பங்கு வேண்டாம், சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று பெண் கையெழுத்து வைக்கும் பத்திரம் அது. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், நாளை பிள்ளைகளின் காதுகுத்துக்கும் கலியாணத்துக்கும் தாய்மாமன் சீர் கொண்டு வரமாட்டான் என்ற பயம் கையெழுத்தை வாங்கிவிடுகிறது. சட்டத்தால் பங்காளியானவள் உறவு முறியுமோ என்ற அச்சத்தால் மீண்டும் விருந்தாளி ஆகிறாள்.

அவளைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணவன் கைவிட்டால் போய் நிற்க இருப்பது அந்த ஒரு வாசல்தான் என்ற கணக்கும் அவளுக்கு உண்டு. காணியும் வருமானமும் வேறு ஆதரவும் இல்லாத இடத்தில் உறவே காப்புறுதி. எனவே சட்டத்தோடு கூடவே பெண் நிற்பதற்குச் சங்கம், சட்ட உதவி, வருமானம் ஆகியனவும் வேண்டும்.

31 வருடங்கள்

1994 இல் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் இதே வழியில் சட்டம் இயற்றின. மாநிலங்களில் தொடங்கியது இறுதியில் டில்லிக்குச் சென்றது. 2005 செப்டெம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், மிதாட்சர முறை பின்பற்றப்பட்ட குடும்பங்களில் மகளுக்கு மகனைப் போன்ற பிறப்புரிமையைத் தந்தது. திருமணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாடு அதில் இல்லை. வீட்டைப் பிரிக்கக் கேட்க முடியாது என்ற 23 ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. 2004 டிசெம்பர் 20 க்கு முன்னர் முறைப்படி பிரிக்கப்பட்ட சொத்துகளை மட்டும் மீண்டும் திறக்க முடியாது என்றது.

அதன் பின்னரும் வழக்குகள் ஓயவில்லை. 2005 இல் தகப்பன் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு உரிமை என்று 2015 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கூறியது. 2020 ஓகஸ்ட் 11 ஆம் திகதி, வினீதா சர்மா என்ற பெண் தொடுத்த வழக்கில், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் அன்று உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று தீர்ப்பாகியது.

1989 இலிருந்து 2020 வரை 31 வருடங்கள். அக்காவின் வயல் 2004 இறுதிவரை பிரிக்கப்படாமல் இருந்திருந்தால் அவளும் பங்காளி ஆகியிருப்பாள். தொண்ணூறுகளிலேயே பிரிக்கப்பட்டுவிட்டதால் அவளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

எங்கள் பக்கமும் பார்ப்போம்

எங்களிடம் தேசவழமை உண்டு, பெண்ணுக்குச் சீதனக் காணி உண்டு என்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகள் பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று எழுதியது. கணவன் எங்கே என்று தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வரியின் பாரம் தெரியும். அதை எழுதிய 1911 ஆம் ஆண்டுச் சட்டசபையில் ஒரு பெண்கூட இருக்கவில்லை. குடியேற்றத் திட்டங்களில் பேமிற் காணி கொடுக்கப்பட்ட 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனையும், சகோதரிக்கு முன் சகோதரனையும் வைத்தது. ஆணுக்கு முதலிடம் தந்த அந்த வரிசை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் மாற்றப்பட்டது.

எனவே வானொலியில் "சட்டமூலம்" என்ற சொல் கேட்டால் சத்தத்தைக் குறைக்காதீர்கள். இது எந்தத் திகதியிலிருந்து? யாருக்குப் பொருந்தாது? மகளுக்குக் கொடுப்பதில் மனைவிக்குக் குறைகிறதா? இந்த மூன்று கேள்விகளையும் சங்கக் கூட்டத்துக்கு வரும் உத்தியோகத்தரிடமும், வாக்குக் கேட்டு வருபவரிடமும் கேளுங்கள். கையெழுத்து வைக்கச் சொல்லும் எந்தப் பத்திரத்தையும் வாசிப்பித்துக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

இம்மாதக் கூட்டத்தில் அந்த அக்காவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். கலியாணத் திகதிக் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப அதை எழுதேக்க அந்த அக்காக்காரி மாதிரி ஒராள் அங்க இருந்திருக்கவேணும்" என்றார்.

பிறகு மடியிலிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து, இடப்பெயர்வுகள் எல்லாவற்றிலும் காப்பாற்றி வைத்திருந்த பேமிற்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பின்னுரித்தாளர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"மூத்தவள்ட பெயரைப் போடலாமோ, தங்கச்சி?"

போடலாம் என்றேன். வரும் புதன்கிழமை இருவரும் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.